பாவம் பார்த்த தராசு

அந்த வட்டாரத்தில் எந்தக் கடைக்குப் போய் எதை வாங்கினாலும், அதை நிறுக்கிற தராசின் பக்கவாட்டில் ஒரு மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். 'சரிபார்க்கப்பட்டது' என்று அச்சடித்து, அதன் கீழே கோழிக் கிறுக்கலாக ஒரு கையெழுத்து. கையெழுத்துக்குச் சொந்தக்காரரை எல்லாரும் தராசுக்காரர் என்றே கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இல்லாமல் இல்லை. அதைக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்கமாட்டார் என்பதால் யாரும் சிரமப்படவில்லை.

தராசுக்காரருக்கு நேர்மை ஒரு வியாதி. மீன்கடைக்காரர் ஈரத்துணியைத் தட்டில் மறந்து வைத்துவிட்டால் போதும், பின்னால் வரிசையில் நிற்பவர்கள் பசியில் வாடும் அளவுக்குப் பிரசங்கம் நடக்கும். தெருமுனைப் பழைய பேப்பர்க் கடைக்காரனுக்கும் அவருக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது. அந்தக் கடைத் தராசில் யானையை ஏற்றினாலும் எருமையின் எடைதான் காட்டும். "உனக்கு இந்த ஜென்மத்துல ஸ்டிக்கர் கிடையாதுடா" என்று நடுத்தெருவில் சொல்லிவிட்டு வந்தவர் அவர்.

அப்பேர்ப்பட்ட மனிதர், தன் வீட்டுத் தராசில் தானே கைவைத்தார் என்றால் யாராவது நம்புவார்களா? நம்பித்தான் ஆகவேண்டும்.

எல்லாவற்றுக்கும் காரணம் அவர் மனைவியின் முட்டி. மனைவி பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு டீச்சர். ஊருக்கு மட்டுமல்ல, புருஷனுக்கும் அவர் டீச்சர்தான். வகுப்பறை இருந்தது இரண்டாவது மாடியில். ஒவ்வொரு படியிலும் டீச்சர் இரண்டு காலையும் வைத்து, மூச்சு வாங்கி, கைப்பிடியைக் கட்டிப்பிடித்துச் சமாதானம் பேசி மேலே போய்ச் சேரும்போது, பிள்ளைகள் பாதிப் பெஞ்சுகளைத் தலைகீழாகப் போட்டிருப்பார்கள். தலைமையாசிரியை கருணை உள்ளவர். "கீழே ஆபீஸ்ல பைல் அடுக்கற வேலை இருக்கு டீச்சர், உக்காந்த இடத்துலயே பாக்கலாம்" என்று அன்போடு சொன்னார். டீச்சர் அன்று வீட்டுக்கு வந்து முகம் கழுவாமலே உட்கார்ந்திருந்தார். பிள்ளைகளை விட்டுவிட்டுப் பைல் அடுக்குவதற்கு, சும்மா வீட்டில் இருந்து தொலைக்கலாம் என்பது அவர் கட்சி.

முட்டி டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஆபரேஷன் செய்தால் சரியாகும், பெரிய லீவில் செய்துகொண்டால் பள்ளி திறப்பதற்குள் மாடி ஏறலாம் என்றார். பிறகு மூக்குக்கண்ணாடிக்கு மேலாக டீச்சரைப் பார்த்து, "எண்பது கிலோவுக்குக் கீழே வாங்க. அப்பதான் தேதி கொடுப்பேன்" என்றார். அன்றைக்கு டீச்சர் எண்பத்தெட்டு.

வீட்டில் அன்று முதல் ஆரோக்கியம் குடியேறியது. ஆரோக்கியம் வந்தால் மற்ற எல்லாம் வெளியேற வேண்டும் போலும். முதலில் சர்க்கரை போனது, அப்புறம் எண்ணெய், அப்புறம் ருசி, கடைசியில் வீட்டிலிருந்த கொஞ்சநஞ்சச் சிரிப்பும் போனது. காலையில் வெள்ளரிக்காய், மதியம் வேகவைத்த முட்டைகோஸ், இரவில் மதியத்து முட்டைகோஸின் மிச்சம். மனைவிக்குத் துணையாகத் தானும் உடம்பைக் குறைப்பதாகத் தராசுக்காரர் சபதம் எடுத்தார். சபதம் எடுத்த அன்று மாலை, அவர் தராசு ரிப்பேர் பார்க்கிற பட்டறைக்குப் பக்கத்து பேக்கரியில் அவரைப் பார்த்ததாகச் சிலர் சொன்னார்கள். தராசைச் சரிபார்க்கப் போயிருப்பார்.

டீச்சர் அப்படி இல்லை. விடியும் முன்னே எழுந்து மைதானத்தைச் சுற்றுவார். முட்டி எரிகிற எரிச்சலில் கண்ணில் தண்ணீர் நிற்கும். வீட்டுக்கு வந்ததும் கணுக்காலில் தண்ணீர் பாட்டிலைக் கட்டிக்கொண்டு, நாற்காலியில் உட்கார்ந்து காலைத் தூக்கித் தூக்கி இறக்குவார். ஒரு நாள் தவறியதில்லை. மழை பெய்தால் கூடத்தையே மைதானமாக்கிச் சுற்றுவார். தராசுக்காரர் சோபாவிலிருந்து காலை மடக்கி வழிவிட்டு ஒத்துழைப்பார்.

இந்த வேள்வியில் நெய் ஊற்ற வந்து சேர்ந்தான் டீச்சரின் தம்பி. டப்பா டப்பாவாகப் புரதப் பவுடர் விற்பவன். அவனைப் பவுடர் என்றால்தான் எல்லாருக்கும் தெரியும். பனியன் விற்பவன் பனியனைப் போட்டுக் காட்டுவது போல, அவன் தன் புஜத்தை எப்போதும் வெளியே விட்டு வைத்திருப்பான்.

"அக்கா, காலைல இது ஒரு கரண்டி. முட்டிக்கு இந்தக் கேப்ஸ்யூல். இது கொழுப்பைக் கரைக்கும். இது கரைஞ்ச கொழுப்பை வெளிய தள்ளும்."

"அப்ப இது எதுக்குடா?" என்று தராசுக்காரர் ஒரு குட்டி டப்பாவைக் காட்டினார்.

"இது மத்ததெல்லாம் வேலை செய்யறதுக்கு, மாமா."

டீச்சர் எல்லாவற்றையும் முழுங்கினார். பவுடர் கலக்கிய பால் சுண்ணாம்புத் தண்ணீர் மாதிரி இருந்தது. அதையும் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தார். முதல் சில வாரங்களில் இரண்டு கிலோ இறங்கியது. அப்புறம் எண்பத்தாறிலேயே நங்கூரம் போட்டுவிட்டது தராசு. நடந்தாலும் எண்பத்தாறு, பட்டினி கிடந்தாலும் எண்பத்தாறு. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை டீச்சர் தராசிலிருந்து இறங்கி, குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டார். வாளி நிரம்பி வழிந்தும் குழாய் நிற்கவில்லை. உள்ளே டீச்சர் அழுதுகொண்டிருந்தார்.

தராசுக்காரர் வெளியே கதவுக்குப் பக்கத்தில் நின்றார். அந்த மனுஷனுக்கு மனைவி மேல் உயிர். ஆனால் உயிராக இருப்பவர்கள் தோளில் கைவைத்து ஒரு வார்த்தை சொல்வார்கள். இவர் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார்.

"தராசுல தூசி அடைச்சிருக்கு டீச்சர். பட்டறைக்கு எடுத்துட்டுப் போய்த் துடைச்சிட்டு வர்றேன்."

அந்த மாதிரி மின்னணுத் தராசுக்கு எது ஐம்பது கிலோ என்று யாராவது ஒரு முறை கற்றுக்கொடுக்க வேண்டும். ஐம்பது கிலோ எடைக்கற்களை ஏற்றிவைத்துப் பொத்தானை அழுத்தினால், 'சரி, இதுதான் ஐம்பது' என்று மனப்பாடம் செய்துகொள்ளும். தராசுக்காரர் கற்களை ஏற்றினார். அவற்றோடு ஒரு சுத்தியலையும் ஸ்பேனர் பையையும் ஏற்றினார். பிறகு பட்டறைக் கதவைச் சாத்திவிட்டுப் பொத்தானை அழுத்தினார். தராசு பாவம், சொல்லிக்கொடுத்தபடி, கூடுதலாக இருந்ததையே ஐம்பது என்று படித்துக்கொண்டது.

மறுநாள் காலை டீச்சர் ஏறினார். எண்பத்து மூன்று. இறங்கி மறுபடி ஏறினார். எண்பத்து மூன்றேதான்.

"என்னங்க! இங்க வந்து பாருங்க!"

அந்த முகத்தைப் பார்த்த பிறகு, உலகத்தில் எந்தத் தராசும் சரியாக இருக்கவேண்டிய அவசியமே இல்லை என்று தராசுக்காரருக்குத் தோன்றியது. அன்று டீச்சர் மைதானத்தைக் கூடுதலாகச் சுற்றினார். உண்மை எடை பின்னாலேயே ஓடிவந்து பிடித்துவிடும், அப்போது சத்தமில்லாமல் பழையபடி திருப்பி வைத்துவிடலாம் என்பது தராசுக்காரர் போட்ட திட்டம். திட்டத்தில் ஓட்டை எதுவும் இல்லை. உண்மை எடைதான் ஓடிவரவில்லை.

டீச்சர் எப்போதெல்லாம் முகம் வாடினாரோ, அப்போதெல்லாம் தராசில் தூசி அடைத்தது. அடுத்த தடவை ஸ்பேனர் பையோடு ஒரு ஸ்க்ரூ டப்பா ஏறியது. அதற்கடுத்து, பழைய வண்டி பேட்டரி. நகைக்கடைத் தராசுகூட வருஷத்துக்கு ஒரு தடவைதான் பட்டறைக்கு வரும். இந்தத் தராசு மாமியார் வீட்டுக்குப் போகிற புது மாப்பிள்ளை மாதிரிப் போய்ப் போய் வந்தது.

பவுடருக்குத் தலைகால் புரியவில்லை. அக்காவின் படத்தைக் கைப்பேசியில் போட்டு, 'என் சொந்த அக்கா! டயட், உடற்பயிற்சி, நம்ம பவுடர்!' என்று ஊருக்கெல்லாம் அனுப்பினான். "ஆனா துணி ஒண்ணும் பெருசா லூசாகலையேடா" என்று டீச்சர் ஒரு நாள் கேட்டபோது, "சதை இறுகுதுக்கா. இறுகின சதை எடை குறைவு, இடம் அதிகம்" என்று விஞ்ஞானத்தையே புரட்டிப் போட்டான். தராசுக்காரர் வாழ்க்கையில் முதல் தடவையாக மச்சானின் பேச்சுக்குத் தலையாட்டினார்.

இதைவிடப் பெரிய கூத்து ஒன்று உண்டு. வீட்டில் இருந்தது ஒரே தராசு. தராசுக்காரரும் அதில்தான் ஏறினார். முதலில் 'இது கணக்கில் இல்லை' என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். ஆனால் எழுபத்தைந்து என்று கண்ணெதிரே எழுதிக் காட்டினால், எத்தனை நாளைக்கு ஒரு மனிதர் நம்பாமல் இருப்பார்? கண்ணாடியில் வயிற்றை உள்ளே இழுத்துப் பார்த்தார். பரவாயில்லை போலிருந்தது. பேக்கரிக்குப் பெருமிதத்தோடு போனார். தையல்காரர் நாடாவை இடுப்பில் சுற்றி, "பழைய அளவைவிட ஒரு இஞ்ச் கூட்டிக்கலாமா சார்?" என்று கேட்டபோது, "உன் நாடா சுருங்கிப்போச்சுய்யா, அளவு கருவியை ஒழுங்கா வெச்சுக்கத் தெரியாதா?" என்று சீறிவிட்டு வந்தார்.

வீட்டுத் தராசு எழுபத்தேழு காட்டிய வாரம், டீச்சர் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தார். பெரிய லீவு தொடங்க இன்னும் கொஞ்ச நாள்தான். தலைமையாசிரியையிடமும் சொல்லிவிட்டார்: பள்ளி திறக்கும்போது நான் மாடி ஏறி வருவேன், அந்தப் பைல்களை வேறு யாராவது அடுக்கட்டும்.

"அங்க மறுபடி எடை பாப்பாங்களா?" என்று தராசுக்காரர் கேட்டார். குரல் எங்கேயோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"பாக்கட்டுமே! எனக்கென்ன பயம்?" என்றார் டீச்சர்.

ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியெல்லாம் தராசுக்காரர் சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தார். ஒவ்வொரு தடவையும் ஆட்டோ ஒரு பள்ளத்தில் இறங்கியது, அவரும் வாயை மூடிக்கொண்டார். பள்ளம் இல்லாத இடத்திலும் மூடிக்கொண்டார்.

எடை பார்க்கிற அறையில் கூட்டம். டீச்சர் ராணி மாதிரி ஏறி நின்றார்.

"எண்பத்தி நாலு" என்றார் நர்ஸ்.

"எழுபத்தி ஏழு" என்று திருத்தினார் டீச்சர், வாய்ப்பாட்டைத் தப்பாகச் சொன்ன பிள்ளையைத் திருத்துவது போல.

"எண்பத்தி நாலும்மா. நீங்களே பாருங்க."

டீச்சர் இறங்கிச் செருப்பைக் கழற்றினார். கைப்பையை நாற்காலியில் வைத்தார். கைக்கடிகாரம், மூக்குக்கண்ணாடி, தலையில் குத்தியிருந்த கிளிப் எல்லாம் ஒவ்வொன்றாக இறங்கின. மறுபடி ஏறினார். கண்ணாடி இல்லாததால் எண் தெரியாமல் குனிந்து பார்த்தார். எண்பத்து நான்கு அங்கேயே உட்கார்ந்திருந்தது.

"உங்க மெஷின் கெட்டுப்போச்சு" என்றார் டீச்சர். அறை முழுக்கக் கேட்டது. வகுப்பறைக் குரல் அல்லவா? "எங்க வீட்டுக்காரருக்குத் தொழிலே இதுதான். இந்த ஊர்ல பாதித் தராசு அவர் சரி பாத்ததுதான். என்னங்க, கொஞ்சம் இங்க வாங்க!"

தராசுக்காரர் கதவோரத்தில் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டிருந்தார். வந்தார். குனிந்து பார்க்கவேண்டிய தேவையே இல்லை. மஞ்சள் ஸ்டிக்கர் பளிச்சென்று தெரிந்தது. 'சரிபார்க்கப்பட்டது.' கீழே கோழிக் கிறுக்கல்.

"அட, நீங்களா சார்!" என்று நர்ஸின் முகம் மலர்ந்தது. "போன மாசம்தான் இவர் வந்து பாத்துட்டுப் போனாரும்மா. அரை நாள் தரையிலயே உக்காந்து பாத்தாரு."

டீச்சர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஸ்டிக்கரைப் பார்த்தார். அப்புறம் புருஷனைப் பார்த்தார். "ஒரு மாசத்துல கெட்டுப்போகுமாங்க?"

அந்த முகத்தில் சந்தேகம் துளிகூட இல்லை. அதுதான் தராசுக்காரரைக் கொன்றது. "சில சமயம்... ஈரப்பதம்..." என்று இழுத்தார்.

"அப்ப சரி சார், நீங்க சொன்னா சரிதான்" என்று நர்ஸ் பேனாவை எடுத்தார். "எழுபத்தி ஏழுன்னே போட்டுக்கறேன். மயக்க மருந்து டாக்டர் இதை வெச்சுத்தான் மருந்து அளப்பாரு, அதான் சரியா இருக்கணும்."

பேனா தாளைத் தொடுவதற்குள் தராசுக்காரர் நர்ஸின் கையையே பிடித்துவிட்டார்.

"போடாதீங்க. இந்த மெஷின் சரி."

"அப்ப?" என்றார் டீச்சர்.

"வீட்டுலதான்... நான் கொஞ்சம் குறைச்சு வெச்சேன்."

வரிசையில் நின்றவர்கள் வலியை மறந்து காதைத் தீட்டிக்கொண்டார்கள். டீச்சர் கைக்கடிகாரத்தைக் கட்டிக்கொண்டார். கிளிப்பைக் குத்திக்கொண்டார். செருப்பை மாட்டக் குனிந்தபோது முட்டி மடங்கவில்லை. தராசுக்காரர் உதவக் குனிந்தார். டீச்சர் செருப்பை அவருக்கு எட்டாத பக்கம் காலாலேயே நகர்த்தி மாட்டிக்கொண்டார்.

டாக்டர் தேதி தரவில்லை. அடுத்த பெரிய லீவுக்குப் பார்க்கலாம் என்றார். அதாவது, பள்ளி திறந்தால் டீச்சருக்குக் கீழே பைல்தான்.

வழியில் டீச்சர் ஒரு வார்த்தை திட்டியிருந்தால் தராசுக்காரருக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்திருக்கும். வாசலில் கைப்பேசி அடித்தது, பவுடர். "அக்கா, ஆஸ்பத்திரித் தராசு மேல நிக்கற மாதிரி ஒரு போட்டோ..." டீச்சர் அணைத்துவிட்டார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "சரி பண்ணுங்க" என்றார்.

தராசுக்காரர் பட்டறையிலிருந்து எடைக்கற்களைக் கொண்டுவந்தார். இந்தத் தடவை சுத்தியல் இல்லை, பேட்டரி இல்லை. டீச்சர் பரீட்சை ஹாலில் நிற்பது போலக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்ததும், "நீங்க முதல்ல ஏறுங்க" என்றார். ஏறினார். எண்பத்து மூன்று என்று வந்தது. தான் எழுபத்தைந்து இல்லை என்று தெரிந்ததும் தராசுக்காரருக்குத் தையல்காரரின் நாடா நினைவுக்கு வந்தது.

டீச்சர் ஏறினார். எண்பத்து நான்கு.

"ஆரம்பத்துல எண்பத்தெட்டு" என்றார் டீச்சர், யாரிடமோ சொல்வது போல. "அப்ப நாலு கிலோ நெஜமாவே குறைஞ்சிருக்கேன்."

"ஆமா டீச்சர். நாலு கிலோன்னா சும்மாவா?" என்று தராசுக்காரர் அவசரமாக ஒட்டிக்கொண்டார்.

"சும்மா இல்லைதான். முட்டி எரிய எரிய நடந்து குறைச்சது. இந்தப் பொய் இல்லாம இருந்து, யாராவது என்கிட்ட வந்து, நீ நாலு கிலோ குறைஞ்சிருக்கேன்னு சொல்லியிருந்தா, இந்தக் காலோடயே குதிச்சிருப்பேன். இன்னிக்கு அதே நாலு கிலோ எனக்கு ஏழு கிலோ நஷ்டமாத் தெரியுது. என் நாலு கிலோவை எடுத்துக்கிட்டீங்களே."

"நீ உள்ள அழுதியே... என்னால தாங்க முடியல."

"அழுதா என்ன? அழுது முடிச்சிட்டு நடந்திருப்பேன். என் கிளாஸ்ல ஒரு பொண்ணு கணக்கு வரலைன்னு அழுதா, பக்கத்துல உக்காந்து இன்னொரு தடவை போட வைப்பேன். விடையை மாத்தி எழுதி மார்க் போட மாட்டேன். நீங்க பக்கத்துல வந்து உக்காந்திருக்கலாம். ஒரு நாளாவது கூட நடந்திருக்கலாம்."

ஊரெல்லாம் பிரசங்கம் செய்த வாய் அன்று ஈரத்துணி மாதிரிக் கிடந்தது.

மறுநாள் விடியும் முன்னே டீச்சர் எழுந்து செருப்பை மாட்டினார். ஆபரேஷன் இல்லை, லீவுக்குள் எண்பதும் இல்லை. ஆனாலும் மாட்டினார். தராசுக்காரரும் கூப்பிடாமலே எழுந்து பின்னால் போனார். மைதானத்தைச் சுற்றினார்கள். திரும்பி வரும்போது டீச்சர் வீட்டுப் பக்கம் திரும்பாமல் தெருமுனைக்கு நடந்தார். பழைய பேப்பர்க் கடைக்காரன் அப்போதுதான் கதவைத் திறந்து, கட்டுகளை வெளியே தள்ளிக்கொண்டிருந்தான்.

"இங்க எதுக்கு?" என்றார் தராசுக்காரர்.

"எடை பாக்க. இனிமே வாராவாரம் இங்கதான்."

"இவன்கிட்டயா? இவன் பிறவிப் பித்தலாட்டக்காரன்! குறைச்சுத்தான் காட்டுவான்!"

"தெரியும்" என்றார் டீச்சர். "காசுக்காகக் குறைப்பான். அதை நான் கணக்குப் போட்டுக்கலாம். பாவம் பாத்துக் குறைக்கமாட்டான்ல?"

பேப்பர்க் கடைக்காரனுக்கு ஒன்றும் புரியவில்லை. இருந்தாலும் தட்டின் மேலிருந்த காகிதத் தூளைத் துண்டால் தட்டிவிட்டான். டீச்சர் கல்லாவைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஏறி நின்றார். கடைக்காரன் எண்ணைப் பார்த்தான், எதிரே நின்ற தராசுக்காரரைப் பார்த்தான், கொஞ்சம் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"எண்பத்தொண்ணு காட்டுது டீச்சர்" என்றான். "மூணு சேத்துக்கோங்க. உங்ககிட்ட எதுக்குப் பொய்?"